வழக்கு மன்றத்தில் ஒரு ராக் பாட்டு, மலையில் ஒரு தாலாட்டு

2022 செப்டம்பர் 30ஆம் தேதி டில்லி விஞ்ஞான் பவனில் அட்டப்பாடி நஞ்சியம்மா மேடை ஏறினார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர் கையில் கொடுத்தார். அதே நாளில்தான் 'காந்தாரா' என்ற கன்னடப் படம் திரைக்கு வந்தது. இரண்டுக்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஐந்தாறு வாரங்களுக்குள் அந்தக் கன்னடப் படத்தின் 'வராஹ ரூபம்' பாட்டு, நஞ்சியம்மா வாழும் பாலக்காடு மாவட்டத்தின் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. கேரளத்தின் பெயர்பெற்ற ராக் இசைக்குழுவான 'தைக்குடம் பிரிட்ஜ்' உருவாக்கிய 'நவரசம்' பாட்டின் சாயலில் அது செய்யப்பட்டிருக்கிறது என்பது புகார்.

'நவரசம்' 2015இல் வெளியான தொகுப்பு. கர்நாடக ராகத்தில் தொடங்கி, கனத்த கிதார் ஒலி மேலே ஏறி வரும் அமைப்பு அதன் தலைப்புப் பாட்டுக்கு உண்டு. இசைக்குழு கோழிக்கோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. உரிமை வைத்திருந்த மாத்ருபூமி நிறுவனம் பாலக்காட்டுக்குப் போனது. இரு இடங்களிலும் இடைக்காலத் தடை கிடைத்தது. நவம்பர் 24ஆம் தேதி படம் இணையத்தில் வந்தபோது அந்தப் பாட்டு வேறு மெட்டில் ஒலித்தது. கடைசிக் காட்சியின் வேகமே போய்விட்டது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ராகங்கள் ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒத்துத்தான் இருக்கும் என்று படத்தின் இசையமைப்பாளர் அஜனீஷ் லோக்நாத் சொன்னார். பின்னர் தடைகள் நீங்கின, பழைய மெட்டு திரும்பியது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறியது.

ராகம் யாருக்குச் சொந்தம் என்ற சட்டக் கேள்வியை வல்லுநர்களுக்கு விட்டுவிடலாம். என் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட, நிறுவனம் பின்னால் நிற்கும், வழக்கறிஞர் வைக்க வசதியுள்ள ஒரு பாட்டு தன் பிறப்பைக் காட்டி நீதி கேட்க முடிகிறது. அதே மாவட்டத்தின் மலைமேல், அதைவிடப் பல மடங்கு மக்களைச் சென்றடைந்த இன்னொரு பாட்டுக்கு அந்த வசதி உண்டா? புகழ்பெற்ற பாடல்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கதை என்றால் போதைப்பொருள், காதல் தோல்வி, மறைமொழி என்றுதான் உலகம் முழுக்க எழுதிக் குவிக்கிறார்கள். பாலக்காடு, இடுக்கி எல்லையோரம் நின்று கேட்டால் மறைந்திருப்பது பெரும்பாலும் பாடியவர்தான்.

அட்டப்பாடிக்குக் கோயம்புத்தூரிலிருந்து போவது எளிது. ஆனைகட்டி வழியாக ஏறினால் மாநில எல்லை ஒரு சோதனைச் சாவடியாக மட்டுமே தெரியும். இருளர் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு தமிழ்க் காதுக்குப் பாதி புரியும், மீதி புரிவதுபோலத் தோன்றும். முடுகரும் குறும்பரும் அதே மலையில் உண்டு. பொறை, தவில், கொகல், ஜால்ரா என்று இருளர் இசைக்குத் தனிக் கருவிகள் உண்டு. பிறப்புக்கும் இறப்புக்கும் விதைப்புக்கும் ஒரே கருவிகள்தான். அடி மாறும், ஆட்டம் மாறும்.

நக்குப்பதி பிரிவு ஊரைச் சேர்ந்த நஞ்சியம்மா ஆடுமாடு மேய்த்தவர். ஆசாத் கலாசங்கம் என்ற உள்ளூர்க் கலைக்குழுவில் பாடிவந்தவர். இயக்குநர் சச்சி 'அய்யப்பனும் கோஷியும்' படத்தை அட்டப்பாடியில் எடுத்தபோது அவரைப் பாடவைத்தார். ஜேக்ஸ் பிஜோய் இசை. படம் 2020 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பே ஒரு சிறு காணொளி பரவிவிட்டது. பிருத்விராஜைத் தெரியுமா, பிஜு மேனனைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் கேரளம் முதலில் கொண்டாடியது. 'வெகுளி' என்ற முத்திரை அப்போதே விழுந்துவிட்டது. நாம் யாரும் நக்குப்பதியில் யாரையும் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பது யாருக்கும் சிரிப்பாகத் தோன்றவில்லை.

படத்தில் அந்தப் பாட்டு வரும் இடத்தைக் கவனியுங்கள். கோஷி ஓய்வுபெற்ற ராணுவக்காரர். மதுவிலக்கு நடப்பிலுள்ள அட்டப்பாடிக்குள் மதுப்புட்டிகளுடன் காரில் வந்து மாட்டிக்கொள்கிறார். காவல் அதிகாரி அய்யப்பன் நாயருக்கும் அவருக்கும் மூளும் பகை ஊரையே எரிக்கும் அளவுக்குப் போகிறது. ஆண்களின் அகங்காரம் முட்டி மோதும் இந்தக் கதைக்கு வாசலாக வைக்கப்பட்ட பாட்டு, இருளர் தாய்மார் பிள்ளைக்குச் சோறூட்டும்போதும் அழுகையை ஆற்றும்போதும் பாடுவது. எந்தத் திசையில் எந்த மரம் பூத்திருக்கிறது என்று காட்டி, வானத்தில் போகும் விமானத்தையும் காட்டி, பிள்ளையின் வாயைத் திறக்கவைக்கும் பாட்டு. சொல் புரியாமல் கேட்டவர்கள் அதில் காட்டின் மர்மத்தைக் கேட்டார்கள், வரப்போகும் வன்முறையின் முன்னறிவிப்பைக் கேட்டார்கள். திரைக்கு அது பொருந்தியது உண்மை. சச்சியின் காது நல்ல காது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது விமானம். ஆயிரம் ஆண்டுப் பழமை, ஆதி மனிதனின் குரல் என்றெல்லாம் இந்தப் பாட்டைப் பற்றி எழுதியவர்கள் விமானத்தை எப்படித் தாண்டிப் போனார்கள் என்று தெரியவில்லை. மலைக்கு அப்பால் பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. அட்டப்பாடித் தாயும் நம்மைப் போலவே இந்த நூற்றாண்டில் வாழ்பவள். கண்ணில் பட்டதைப் பாட்டில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அப்படியானால் இதற்கு ஆசிரியர் உண்டு. பெயர் தெரியாத பல பேர், கடைசியாக நஞ்சியம்மா. படக்குழு பாடலாசிரியர் இடத்திலும் அவர் பெயரையே போட்டது. நாட்டுப்புறப் பாட்டு என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடும் நம் திரையுலக வழக்கத்தில் இது பாராட்டத்தக்க விலக்கு.

பூக்கும் மரங்களில் சந்தனமும் உண்டு. குழந்தைக்குக் காட்ட அது ஒரு மரம். வெளியே அது காவலுக்குரிய சரக்கு. இடுக்கியின் மறையூரில், உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறும் சாலையோரம், சந்தனக்காடு வேலிக்குள் நிற்கிறது. வனத்துறை காவல் காக்கிறது, ஏலம் விடுகிறது, கடத்தல்காரர்கள் சுற்றி வருகிறார்கள். சச்சி அடுத்து எடுக்க நினைத்ததும் மறையூர்ச் சந்தனத்தை மையமாக வைத்த ஜி. ஆர். இந்துகோபனின் 'விலாயத் புத்தா' கதையைத்தான். 2020 ஜூன் 18ஆம் தேதி அவர் இறந்துபோனார். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவர் இல்லாமலேயே அறிவிக்கப்பட்டது.

நஞ்சியம்மாவுக்கு விருது அறிவித்ததும் ஓர் எதிர்ப்புக் குரல் வந்தது. சுருதி வைத்தால் அதற்கு ஏற்பப் பாடத் தெரியாதவருக்கா பின்னணிப் பாடகி விருது என்று இசைத்துறைக்குள் இருந்தே கேட்டார்கள். வேறு இசைக்கலைஞர்கள் பலர் அவருக்காக எழுந்து பேசினார்கள். பின்னணிப் பாட்டு என்பது ஒரு காட்சிக்கு வேண்டிய உணர்வைக் குரலால் கொண்டுவருவது. அந்தக் கணக்கில் அந்த ஆண்டு அவருக்கு ஈடு இல்லை என்பது என் தீர்ப்பு. விருதுக்குப் பிறகும் கணவர் குடும்பத்து நிலத்துக்காக அவர் அலுவலகப் படிகளை ஏறி இறங்கிய செய்திகள் வந்தன. பழங்குடியினரின் கைவிட்டுப்போன நிலத்தை மீட்டுத் தரும் சட்டத்தைக் கேரளம் 1975இலேயே இயற்றிவிட்டது. அது ஏட்டை விட்டு இறங்காத கதை அட்டப்பாடியில் எல்லோருக்கும் தெரியும்.

'அய்யப்பனும் கோஷியும்' தெலுங்கில் 'பீம்லா நாயக்' ஆனபோது அங்கும் ஒரு நாட்டார் குரல் தேவைப்பட்டது. கின்னெரா என்ற நரம்புக் கருவியை வாசிக்கும் மொகுலையாவைத் தலைப்புப் பாட்டில் பாடவைத்தார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் அவர் ஐதராபாத் பக்கம் கட்டட வேலையில் தினக்கூலியாக இருப்பதாகச் செய்தி வந்தது.

உலகத்துக் கதைகளில் இதற்கு நெருக்கமானது சாலமன் லிண்டாவின் கதை. தென்னாப்பிரிக்க ஜூலு இனத்தவர். சிறுவனாக மாடு மேய்த்தபோது சிங்கங்களை விரட்டிய நினைவு கலந்த ஒரு பாட்டை 1939இல் ஜோகன்னஸ்பர்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினார். உரிமைக்காகக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்கா போய், வேறு பெயரில், வேறு ஆட்களின் உடைமையாக, 1961இல் பெரும் வெற்றி பெற்றது. பிறகு டிஸ்னியின் சிங்கப் படத்திலும் நுழைந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். 2000இல் ரியான் மலான் என்ற பத்திரிகையாளர் இதைத் தோண்டி எழுதிய பிறகுதான் வழக்கு வந்தது. 2006இல் குடும்பத்துக்கு உடன்பாடு கிடைத்தது. கறுப்பின ப்ளூஸ் பாடகர்களின் வரிகளையும் மெட்டுகளையும் எடுத்து வளர்ந்த லெட் செப்பலின் போன்ற ராக் குழுக்களும் இந்தக் கணக்கைப் பின்னாளில்தான் தீர்த்தன. வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்ட பிறகே அவருக்கு உரிய இடம் கிடைத்தது.

இனி ஒரு பாம்பு. மலையாளத்தில் மாற்று ராக்குக்கு வழி போட்ட 'அவியல்' குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பில் 'ஆடு பாம்பே' என்றொரு பாட்டு உண்டு. கல்லூரி அரங்குகளில் அதற்கு ஆடாத கால் இல்லை. பாம்பாட்டிப் பாட்டுக்கு கிதார் சேர்த்த விளையாட்டு என்று நினைத்து ஆடியவர்களே அதிகம். அதன் மூலம் நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. அங்கே பாம்பு புற்றில் இல்லை. மூலாதாரத்தில் சுருண்டு கிடந்து, எழுந்து, தலை உச்சி வரை ஏறிச் சிவ ஆனந்தத்தில் ஆடவேண்டிய உயிராற்றல் அது.

தமிழருக்கு இந்தப் பாம்பைத் தெரியும். கோயம்புத்தூர் மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகை இருக்கிறது. மலை ஏறுபவர்கள் விளக்கேற்றிவிட்டுப் போகிறார்கள். பாம்பை ஆடச்சொல்லி முடியும் அவர் பாடல்களின் அச்சில்தான் குருவின் பாட்டும் வார்க்கப்பட்டிருக்கிறது. இது தற்செயல் ஆக முடியாது. குருவுக்கு யோகம் கற்றுத் தந்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலேய ரெசிடன்சியில் வேலை பார்த்துக்கொண்டே சித்தர் மரபைச் சொல்லித் தந்தவர். குரு தவம் இருந்தது குமரி மாவட்டத்து மருத்துவாமலையில். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளமாக்கியவர், தமிழில் தேவாரப் பதிகங்களும் எழுதியவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அதன் வழியே காற்றும் மாட்டு வண்டியும் மட்டும் போய்வந்திருந்தால்தான் வியப்பு.

சித்தர் பாட்டை ராக் ஆக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தடை இல்லை. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்து மனத்தைச் சுழலுக்குள் இழுப்பது அந்தப் பாட்டின் வேலை. கிதாரும் டிரம்ஸும் அந்த வேலையைப் பஜனை மண்டபத்தின் ஜால்ராவைவிட மோசமாகச் செய்யவில்லை. குறை வேறு. ஆடுகிற ஐந்நூறு பேரில் எத்தனை பேருக்கு இது குருவின் பாட்டு என்று தெரியும்? அவர்களிலும், அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு தமிழ்ச் சித்தர் நிற்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 'நிகழ்த்துநர்' யார் யார் என்று அது அடுக்கும் பட்டியலில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி ஆகியோருடன் பாம்பாட்டியும் இருக்கிறார். மகுடி ஊதுபவருக்கு அவர் நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டு உரிமை. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை. 2012 திருத்தம் பாடகருக்கும் வருவாயில் பங்கு உண்டு என்றது. தலைமுறை தலைமுறையாக ஓர் இனம் சேர்ந்து பாடிவந்த பாட்டுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் சொந்தக்காரர் இல்லை. யார் முதலில் ஒலிப்பதிவு செய்கிறாரோ அவர் பதிவுக்கு உரிமையாளர் ஆகிறார். நவரசத்துக்குப் பாலக்காட்டில் திறந்த கதவு ஊர்ப் பாட்டுக்குத் திறக்காததற்குக் காரணம் இதுவே.

தெற்கே இடுக்கிக்குப் போவோம். இடுக்கி என்றதும் இன்றைய மலையாளிகளுக்கு நினைவுக்கு வருவது 'மகேஷிண்ட பிரதிகாரம்' படத்தில் பிஜிபால் பாடிய பாட்டு. ரஃபீக் அகமது எழுதியது. மலையையும் மழையையும் குடியேறிய உழவர்களையும் கொண்டாடும் அழகான பாட்டு. ஆனால் மூணாறு, பீர்மேடு, தேவிகுளம் தோட்டங்களில் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கூட்டிவந்த தமிழ்க் கூலிகள் அதற்குள் இல்லை. 2015இல் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாறு நடுத்தெருவில் உட்கார்ந்து கேரளத்தின் தொழிற்சங்கங்களையே நடுங்கவைத்தவர்கள் அந்தக் கூலிகளின் பேத்திகள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியபோது இறந்த 70 பேரும் அந்த வழி வந்தவர்கள்.

அது நடந்து ஏழு மாதத்தில், 2021 மார்ச் 7ஆம் தேதி 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவு, தீ இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. உலகம் அதைக் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் எடுத்துக்கொண்டது. அதன் உள்ளே இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, உழைத்த மண்ணிலிருந்து அனுப்பப்பட்டவர் அவர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவேண்டும் என்றும் பிரித்தது. ஒரு தாளில் எழுதிய எண்ணுக்காக உறவுகள் கடலின் இரு கரையில் நின்றன. காடு கழனியாக்கியவருக்கு நிலம் இல்லை என்ற ஒப்பாரிதான் அந்தத் துள்ளல் மெட்டின் அடியில் ஓடுகிறது.

இது இடுக்கிக்கு அந்நியக் கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். வண்டிப்பெரியாரிலிருந்து காட்டுச் சாலையில் போனால் கவி வரும். பத்தனம்திட்டா மாவட்டக் கணக்கில் சேர்ந்தாலும் அதன் வாசல் இடுக்கிதான். 1975இல் தொடங்கிய கேரள வனவளர்ச்சிக் கழகம், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கவியின் ஏலக்காய்த் தோட்டங்களில் குடிவைத்தது. 2012இல் 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் கவிக்குப் போகும் அரசுப் பேருந்தை வைத்து எடுக்கப்பட்டது. ஓட்டுநராக வந்த பிஜு மேனன் பாலக்காட்டுப் பேச்சில் கலக்கினார், படம் ஓடியது, கவிக்குச் சுற்றுலாக் கூட்டம் கிளம்பியது. பனியைப் படம் எடுத்துத் திரும்பும் அந்தக் கூட்டம், கழகக் குடியிருப்பில் கதவைத் திறந்து நிற்கும் கிழவி எந்தத் துறைமுகத்தில் இறங்கியவள் என்று கேட்டிருந்தால் 'எஞ்சாமி'யின் பொருளை ஒன்பது ஆண்டு முன்பே தெரிந்துகொண்டிருக்கும்.

'எஞ்சாமி'யும் பெயர்ச் சண்டையிலிருந்து தப்பவில்லை. 2021இல் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் இன்னொரு பாடகரும் இருக்க, அறிவின் முகம் இல்லாமல் போனது. 2022 ஜூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியது. யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார் என்ற விவாதம் வெளியே வெடித்தது. பாட்டால் தனக்கு வருவாயே வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனும் சொன்னார். நிலம் இழந்தவர்களைப் பற்றிய பாட்டில் உரிமை யாருக்கு என்று சண்டை. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது பெரிய செலவும் இல்லை. கோழிக்கோட்டில் பழங்குடி ஆய்வுக்கென்று கிர்த்தாட்ஸ் நிறுவனம் இருக்கிறது. ஊட்டியில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. இருளர் இரு மாநிலத்திலும் வாழ்வதால் இரண்டும் சேர்ந்து ஒரு பாட்டுப் பதிவேடு தொடங்கவேண்டும். பாட்டு, ஊர், பாடியவர் பெயர், எந்தச் சமயத்தில் பாடுவது, பதிவு செய்த நாள் என்று ஐந்து தலைப்புப் போதும். படக்குழுவோ ராக் குழுவோ அதிலிருந்து எடுத்தால் பெயரைப் போடவேண்டும், ஊருக்குப் பங்கு தரவேண்டும் என்று இரு அரசுகளும் ஆணை போடலாம். சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நாளைக்கு ஒரு பாட்டு பாலக்காட்டு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், அட்டப்பாடியில் இருந்து வருபவரின் கையிலும் ஒரு தாள் இருக்கட்டும்.